பழசுக்குப் புதுசு

"அதுல ஏறாதீங்க. அது எனக்கு."

பின்னாலிருந்து குரல் கேட்டதும் நர்ஸ் ஹேண்டில்பாரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பழைய சாமான் கடை. தையல் மிஷின்களுக்கும் கால் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே நின்றது அந்தப் பச்சை மடிப்புச் சைக்கிள். சின்னச் சக்கரங்கள், வெடிப்பு விட்ட தோல் சீட், நடுவில் ஒரே ஒரு கொக்கி. கொக்கியைத் தூக்கினால் சைக்கிள் இரண்டாக மடிந்துவிடும்.

"நான்தான் முதல்ல வந்தேன்," என்றாள்.

வந்தவர் நேரே கடைக்காரரிடம் போனார். இளம் வயதுதான். கசங்கிய சட்டை, மழிக்காத முகம். "போன்லயே சொல்லியிருந்தேனே," என்றார் கடைக்காரரிடம்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஆமாம்மா. பச்சை கலர், நடுவுல ஒத்தைக் கொக்கி, அந்த மாடல் எப்ப வந்தாலும் எடுத்து வைங்க, வெலை பேச மாட்டேன்னு சொன்னார். நான்தான் மறந்துட்டேன்."

"வெலை பேச மாட்டார்னதும் ஞாபகம் வந்துடுச்சாக்கும்."

"வியாபாரியைப் போய் இப்படிக் கேக்கலாமா?" என்றார் கடைக்காரர், கொஞ்சமும் கோபமில்லாமல்.

அவள் வந்தவரின் பக்கம் திரும்பினாள். "சார், பஸ் என்னை மெயின் ரோட்லயே இறக்கிவிட்டுடும். அங்கேருந்து ஆஸ்பத்திரிக்கு தினமும் ஓட்டமும் நடையும். இன்னொரு தடவை லேட்டா வந்தா வீட்லயே இருந்துக்கன்னு சொல்லிட்டாங்க. சாதா சைக்கிளை ஸ்டாண்டுல விட்டா சாயங்காலம் பூட்டுதான் இருக்கு. இதுன்னா மடிச்சு பஸ்லயே எடுத்துட்டுப் போயிடுவேன். சின்ன தூரம்தான் சார்."

"சின்ன தூரம்தான்," என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

பிறகு குனிந்து அந்தக் கொக்கியைக் கட்டைவிரலால் அழுத்தினார். டக். திறந்தார். மறுபடி அழுத்தினார். டக். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார்.

"இதை ஓட்டினவங்க யாராவது விழுந்திருக்காங்களா?"

"விழுந்தா எங்கிட்ட சொல்லிட்டா விப்பாங்க?" என்றார் கடைக்காரர். "சாமான் வாங்க வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா சார்?"

அவளுக்குக் கோபத்தை மீறி ஆவல் வந்தது. "நீங்க இதை ஓட்டப் போறீங்களா?"

"இல்ல."

"வீட்ல யாராவது?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"வேணும்."

"ஷோகேஸ்ல வச்சு நீங்க அழகு பாக்கறதுக்கு நான் நடந்து சாகணுமா?" என்று சொல்லிக்கொண்டே அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு காலைத் தரையிலிருந்து எடுப்பதற்குள் அவர் குறுக்கே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டார்.

"கையை எடுங்க சார்."

"ஒரு நிமிஷம். கார் வரைக்கும் வாங்க."

கார் டிக்கியைத் திறந்தார். உள்ளே இன்னொரு மடிப்புச் சைக்கிள். புத்தம் புதுசு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. நடுவில் இரண்டு கொக்கி, மேலே ஒரு திருகு. அதற்கடியில் ஒரு இரும்பு ரம்பம் கிடந்தது.

"அதுக்குப் பதிலா இதை எடுத்துக்கங்க."

"எவ்வளவு?"

"ஒண்ணும் வேண்டாம்."

அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "திருட்டு வண்டியா சார்?"

"பில் உள்ளேயே இருக்கு."

கூடவே வந்திருந்த கடைக்காரர் அவள் காதருகே சொன்னார். "வாங்கிக்கம்மா. பழசுக்குப் புதுசு தர்ற ஆளை நான் இந்தத் தொழில்ல பார்த்ததே இல்ல. மனசு மாறறதுக்குள்ள ஏறிப் போயிடு."

அவள் ஏறினாள். தெருமுனை வரை போனாள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஓடியது வண்டி. அப்படியே போயிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் எதற்காக இப்படிச் செய்தார் என்று தெரியாமல் இன்று ஊசி போட்டால் கை தவறும் என்று தோன்றியது. திரும்பி வந்தாள்.

கடை வாசற்படியில் உட்கார்ந்து அவர் பச்சைச் சைக்கிளை அறுத்துக்கொண்டிருந்தார். ரம்பம் நடுக்கொக்கியில் ஏறி இறங்கியது. கடைக்காரர் கையில் பணத்தோடு, கொடுத்ததா வாங்கியதா என்று மறந்தவர்போல நின்றார்.

"காசு குடுத்து வாங்கினதை ஏன் சார் அறுக்கறீங்க?" என்று கேட்டாள்.

அவர் நிமிரவில்லை. கொக்கி இரண்டு துண்டாகித் தரையில் விழும்வரை அறுத்தார். துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஓடிட்டிருக்கும்போதே இது தானா திறந்துக்கும்," என்றார். "என் வைஃப் இதே மாடல்லதான் பால் வாங்கப் போனா. சின்ன தூரம்தான்."