இசக்கியம்மாளின் ரசீது

இசக்கியம்மாளின் செத்துப்போன மகனுக்கு நாலு லட்சத்து இருபதாயிரம் என்று முடிந்தது. கடைசி இருபது, நடுவில் நின்ற நான் பேசி ஏற்றியது. இசக்கியம்மாள் ரசீதில் கையெழுத்துப் போட்டால்தான் அவனை மோதிய லாரி போலீஸ் ஸ்டேஷனை விட்டு வெளியே வரும். லாரி முதலாளி உட்காராமல் நடந்துகொண்டே இருந்தார்.

அவருடைய வக்கீல் தன் படிப்பைக் காட்டினார். “இங்கிலீஷ்ல ‘பே’ பண்றதுன்னா எழுநூறு வருஷத்துக்கு முன்னால பணம் குடுக்கிறது மட்டும் இல்லம்மா. நொந்த மனசைச் சமாதானப்படுத்துறதும்தான்.”

“அப்பம் அந்தக் காலத்துல அவுக நல்ல மனுசங்கதான், சார்” என்றாள் இசக்கியம்மாள்.

“லோடு காத்துக் கெடக்கு வே, சீக்கிரம் போடச் சொல்லும்” என்று முதலாளி என்னிடம் சிடுசிடுத்தார்.

இசக்கியம்மாள் நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினாள். பிறகு ரசீதை இழுத்துக் கையெழுத்துப் போட்டு, அதற்கு மேலே எழுத்துக்கூட்டி எழுதினாள்: ‘பணம் வந்தது. சமாதானம் பாக்கி.’