பாவம், ஒரே ஒரு ஓட்டு

“உங்ககிட்ட மட்டும்தான் கேக்கறேன் டீச்சர். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு ஓட்டு போட்டுடுங்க.”

வாசலில் நின்றது இரண்டாம் மாடிக்காரம்மா. ஐந்தாவது மாடிவரை படியேறி வந்ததில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. லிஃப்ட் நின்று ஏழு மாதம் ஆகிறது.

மறுநாள் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் தேர்தல். பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு ஓட்டு. நிற்பது இரண்டே பேர். ஒருத்தி முதல் மாடி நர்ஸ். தண்ணீர்க் குழாய் வெடித்த அன்று, டியூட்டி முடிந்து வந்த கையோடு பிளம்பரை இழுத்து வந்து, வேலை முடியும்வரை டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவள்.

இன்னொருவர் இந்த அம்மாவின் கணவர், இப்போதைய செயலாளர். எதைச் சொன்னாலும் “பாத்துக்கலாம்” என்பார். நாளடைவில் அதுவே அவர் பெயராகிவிட்டது. லிஃப்ட் கம்பெனிக்குப் போகவேண்டிய கடிதத்தில் அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், ஆள் வந்துவிடும். ஏழு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

டீச்சரின் கணவர் முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து கீழே இறங்கவில்லை. பால்கனியில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளை எண்ணியே பொழுதை ஓட்டுகிறார். செயலாளர் மாறினால்தான் அவருக்கு விடுதலை.

“மன்னிச்சுக்கோங்க. எங்க வீட்டு நிலைமை உங்களுக்கே தெரியும்,” என்றாள் டீச்சர் கறாராக.

“தெரியாம என்ன? நர்ஸுதான் ஜெயிப்பா, ஜெயிக்கணும். நான் ஜெயிக்கறதுக்கா கேக்கறேன்? ஒரு ஓட்டுகூட விழலைன்னா மனுஷன் இடிஞ்சு போயிடுவார் டீச்சர். கண்ணாடி முன்னாடி நின்னு நன்றியுரை ஒத்திகை பாக்கறார்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது.

மறுநாள் காலை, வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு செருப்பு டப்பாவின் மூடியில் துளை போட்டு வைத்திருந்தார்கள். சீட்டைக் கையில் வாங்கிய டீச்சர் யோசித்தாள். மற்றவர்கள் எல்லாரும் எப்படியும் நர்ஸுக்குத்தான் போடுவார்கள். நம்முடையது ஒன்று குறைந்தால் குடி முழுகிவிடாது.

போட்டுவிட்டாள், பாத்துக்கலாமுக்கு. போட்டதும் தன் நல்ல மனசை நினைத்து அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

தரைத்தள வக்கீல் எண்ணி முடித்து, சந்தேகப்பட்டு, மறுபடி எண்ணினார்.

“பாத்துக்கலாம் சார் பதினொண்ணு. நர்ஸம்மா ஒண்ணு.”

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜெயித்தவர் மட்டும் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நன்றியுரையைப் படித்தார். லிஃப்ட் என்னாச்சு என்று யாரோ கேட்டதற்கு, பாத்துக்கலாம் என்றார்.

டீச்சர் மாடிப்படி ஓரத்தில் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தப்புப் பண்ணிட்டேம்மா. அந்தம்மா வந்து கெஞ்சினதுல மனசு இளகிடுச்சு. உன் ஓட்டாவது உனக்கு விழுந்துதே.”

“அது என் ஓட்டு இல்லக்கா,” என்றாள் நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு. “உங்ககிட்ட மட்டும்தான் கேக்கறேன்னு என்கிட்டயும் வந்தாங்க. நானும் பாவம்னு அவருக்கே போட்டுட்டேன்.”

“அப்ப அந்த ஒரு ஓட்டு?”

“நான் போட்டது,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள் இரண்டாம் மாடிக்காரம்மா.

“தனக்குத்தானே போட்டுக்கிட்டா நல்லாருக்காதுன்னு எங்க வீட்டு ஓட்டை என்னைப் போடச் சொன்னார். அந்த மனுஷனோட இருபது வருஷம் குடித்தனம் பண்றேன், எனக்குத் தெரியாதா யாருக்குப் போடணும்னு? பதினோரு வீட்டுலயும் கேட்டேன். எல்லாரும் சரின்னு தலையாட்டுவாங்க, ரெண்டு பேராவது போடுவாங்க, மானம் தப்பிச்சுடும்னு பாத்தேன். ஏன் டீச்சர், இத்தனை பேர்ல சொன்ன சொல்லை மீற ஒரு ஆள்கூடவா இல்லை?”