பெட்டியில் வந்த கேஸ்கட்

இரும்பு இணைப்பில் தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் கம்பெனி கேஸ்கட் ஒன்று, அட்டைப்பெட்டிக்குள் ஜம்மென்று படுத்துக்கொண்டு மலை ஜீப்பில் போனது.

"நான் மெஷின்ல பிறந்தவன். நீ வெறும் அட்டை" என்றது.

"சரிங்க" என்றது பெட்டி.

ஏற்றத்தில் ஜீப் கொதித்து நின்றுவிட்டது. தண்ணீர் பம்ப்பின் பழைய கேஸ்கட் கிழிந்து, தண்ணீரெல்லாம் ஒழுகியிருந்தது. மேலே மேகம் கறுத்தது. மழை இறங்கினால் முன்னால் இருக்கும் ஓடை பொங்கி, பாதையை மூடிவிடும்.

டிரைவர் லூர்துசாமி பம்ப்பைக் கழற்றிப் புதுக் கேஸ்கட்டை வைத்துப் பார்த்தார். போல்ட் ஓட்டை ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"பம்ப்தான் தப்பு!" என்று கத்தியது கேஸ்கட்.

"தப்பில்லப்பா. அது வேற ஜீப்புல இருந்து கழட்டி எனக்கு மாட்டின பம்ப்" என்றது ஜீப். "என்கூடவே பிறந்தது ஹாரன் மட்டும்தான்."

"அப்போ நான் வர்றேன்" என்றது பெட்டி. "எனக்குத்தான் இன்னும் ஓட்டையே போடலையே."

லூர்துசாமிக்கும் அதே எண்ணம்தான். பெட்டியைப் பிரித்துப் பம்ப்பின் வாயில் விரித்து, சின்னச் சுத்தியலால் ஓரமெல்லாம் தட்டினார். இரும்பின் விளிம்பே அட்டையை அளவாக வெட்டியது. கிரீஸ் தடவி, போல்ட்டை முறுக்கி, தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

கேஸ்கட்டுக்கு இப்போது பெட்டி இல்லை. வளையாமல் இருக்கட்டும் என்று அதை முன்கண்ணாடியின் உள்பக்கம், தன் முகத்துக்கு நேரே தொங்கவிட்டார்.

"என்ன இருந்தாலும் அசல் நான்தான்" என்று அது ஆடியது.

"இருந்துட்டுப் போ" என்றது ஜீப், ஓடையில் இறங்கிக்கொண்டே. "ஆடாம இரு. அவருக்குப் பாதை தெரியல."