ஒரு வாய் டீசல்

சுனிதா உப்பைக் கலக்கி எடுத்துவந்த சொம்பைப் பிடுங்கி, அப்படியே வாசலில் கவிழ்த்தாள் யசோதரா.

“இன்னாத்துக்குக் கொட்டற? எங்க வீட்டுக்காரரு டீசல முழுங்கிட்டு உக்காந்துகினு இருக்காரு, கண்ணு தெரியல உனக்கு?”

“தெரியுது. அதான் கொட்டினேன். வாந்தி எடுக்க வெக்காத.”

வரிசையாக ஒட்டிக் கட்டிய கோரமண்டல் லைன் வீடுகளில் காலை எட்டு மணி. பாபுவின் தம்பி சுனிலின் வண்டி டீசல் தீர்ந்து ஸ்டேஷன் பக்கம் நின்றுவிட்டது. தன் டெம்போவிலிருந்து நாலு லிட்டர் எடுத்துப்போகலாம் என்று டேங்குக்குள் டியூபை விட்டு வாயால் உறிஞ்சினான் பாபு. பத்துத் தடவை செய்த வேலைதான். இன்றைக்கு நினைத்ததைவிட வேகமாக வந்துவிட்டது. ஒரு வாய் உள்ளே போய்விட்டது. மீதி சட்டையெல்லாம்.

கண் சிவந்து, இருமிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“விரல விட்டாவது வாந்தி எடுக்க வெய்யி. உள்ள தங்கவே கூடாது” என்றாள் எதிர்வீட்டு சரோஜம்மா.

ஊரே அப்படித்தான் சொல்லும். பக்கத்து வீட்டு யசோதரா மட்டும் குறுக்கே வந்து நிற்கிறாள்.

சுனிதாவுக்கு ஆத்திரமாக வந்தது. ரெண்டு மாசத்துக்கு முன்னால் பாபு டெம்போவை ரிவர்ஸ் எடுத்தபோது யசோதராவின் வீட்டுச் சுவர் பெயர்ந்துபோனது. அன்றிலிருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதை மனசில் வைத்துக்கொண்டு இந்த நேரத்திலா?

யசோதரா அவள் முகத்தையே பார்க்கவில்லை.

“உள்ள அடுப்பு எரியுதா? அணை. போ, சீக்கிரம்.”

பாபுவின் சட்டையைக் கழற்றித் தள்ளி வைத்தாள். சோப்புப் போட்டு அவன் முகத்தையும் மார்பையும் கழுவினாள்.

“தம்பி, வாயக் கொப்பளிச்சுத் துப்பு. முழுங்காத. நிமிந்து உக்காரு, படுக்காத.”

“பாலாவது குடும்மா” என்றாள் சரோஜம்மா.

“பாலும் வேணாம்.”

பாபுவுக்குக் குமட்டியது. தாங்கமுடியாமல் விரலைத் தொண்டைக்குள் விடப்போனான். யசோதரா அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் தம்பி. அடக்கிக்கோ. மூச்ச மெதுவா வுடு.”

“ஒரு வாய் தண்ணிகூட குடுக்க வுடமாட்டேன்றாளே, மனுசியா இவ?” சரோஜம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சுனிதா அழுதுகொண்டே கத்தினாள். “அவருக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா உன்னச் சும்மா வுடமாட்டேன்!”

“வுடாத. மொதல்ல ஆட்டோல ஏறு.”

ஆட்டோ ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது. யார் கூப்பிட்டார்கள் என்று யோசிக்கக்கூட சுனிதாவுக்குத் தோன்றவில்லை. யசோதராவும் கூடவே ஏறினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை பாபுவின் கையை அவள் விடவேயில்லை.

டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான்.

“வாந்தி எடுத்தாரா? யாராவது எடுக்க வெச்சீங்களா?”

“நான் உப்புத்தண்ணி குடுக்கத்தான் போனேன் சார். இவங்கதான் வுடல.” புகார் சொல்வது மாதிரி கையை நீட்டிக் காட்டினாள் சுனிதா.

டாக்டர் நிமிர்ந்து யசோதராவைப் பார்த்தார்.

“நல்ல காரியம் பண்ணீங்கம்மா. டீசல் வயித்துல கெடக்கறதவிட, வாந்தியோட மேல வந்து நுரையீரலுக்குள்ள எறங்கறதுதான் ஆபத்து. உயிரே போயிடும். மார்புல படம் எடுத்துப் பாத்துடலாம். ஒரு நாள் இங்கயே இருக்கட்டும்.”

சுனிதா திரும்பிப் பார்த்தபோது யசோதரா அங்கே இல்லை. பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் பாபு நடந்தே வீட்டுக்குள் வந்தான். லேசான இருமல் மட்டும் மிச்சம்.

அவனைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, சுனிதா பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த யசோதரா முறத்தைக் கீழே வைத்தாள்.

“உள்ள வா. எப்படிக் கீறாரு?”

“நல்லாக் கீறாருக்கா.” “வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிடுக்கா.”

“பதட்டத்துல பேசறதுதான். இனிமே டியூப வாயில வெக்கவே கூடாதுன்னு சொல்லு. கையால அமுக்கற பம்ப்பு விக்கறாங்க கடையில.”

“சரிக்கா.” போகத் திரும்பிய சுனிதா நின்றாள். “டாக்டரு சொன்னத அப்பிடியே நீ முன்னாடியே சொன்னியே. நர்ஸு வேலைக்குப் படிச்சியாக்கா?”

யசோதரா முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

“எங்க வீட்டுக்காரரு எப்படிச் செத்தாரு, தெரியுமா உனக்கு?”

“நான் கல்யாணம் ஆயி வர்றதுக்கு முன்னாடி... நிமோனியா காய்ச்சல்னு சொல்லுவாங்க.”

“நிமோனியாதான். ஆனா அன்னிக்கு அவரும் லாரிக்கு டீசல் உறிஞ்சிட்டு, உன் வீட்டுக்காரரு மாதிரியே நல்லாத்தான் உக்காந்துகினு இருந்தாரு. ரெண்டு சொம்பு உப்புத்தண்ணி கலக்கிக் குடிக்க வெச்சது நான்தான், சுனிதா.”