ஆடுகிறவன் மேல் விழும் சத்தம்

மதிய வெயில் ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவைத் தாண்டி கம்ப்யூட்டர் மேசை வரை வந்து கிடக்கிறது. திரையில் போன மாதத்துப் பரமத்தி வேலூர்த் திருவிழா. மஞ்சள் தண்ணீரில் நனைந்த கவின் மேளத்துக்கு ஆடுகிறான். பங்காளி சென்னிமலை அரிவாளை ஓங்கிக்கொண்டு பின்னால் வருகிறான். கவினின் அம்மா கண்ணாத்தாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து முந்தானையை முறுக்குகிறாள்.

"வெட்டறதை எடுத்தர்றேனுங்கம்மா. சத்தத்தையும் எடுத்தறட்டுங்களா?" என்கிறாள் எடிட்டர் பிரவீனா.

"சத்தம் இருக்கட்டும் சாமி. கடைசியா என்னையத்தான் கூப்புட்டானாமா. நான் ஊட்டுல சோறாக்கிட்டு இருந்தேன், காதுல உழுகலை."

பிரவீனா படத்தையும் சத்தத்தையும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிக்கிறாள். ஒரு முகத்தின் மேல் வேறொரு நேரத்துச் சத்தத்தை ஓடவிடுவது கல்யாண வீடியோக்களில் அவள் தினமும் செய்கிற வேலைதான். படப் பட்டையில் அரிவாளை வெட்டி எறிந்துவிட்டு, முந்தைய ஆட்டத்தை அந்த இடத்துக்கு இழுத்துப் போடுகிறாள். சத்தப் பட்டையைத் தொடவில்லை. அதில் ஓரிடத்தில் ஒலியலைக் கோடு ஊசியாக எழுந்து நிற்கிறது. ஓடவிடுகிறாள். மேளம் அதிர்கிறது. கவின் ஈரத்தலையைச் சிலுப்பிச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பின் மேல், எலும்பில் இரும்பு இறங்கும் சத்தம். மேளம் நின்றுபோகிறது. மறுபடியும் இரும்பு. கவின் கைகளை உயர்த்திச் சுழன்று ஆடிக்கொண்டே இருக்கிறான். பெண்களின் அலறலைக் கிழித்துக்கொண்டு அவன் குரல் வருகிறது: "அம்மா..."

கண்ணாத்தாள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சரிந்து விழுகிறது.

"வாரேன் சாமி," என்கிறாள், ஆடிக்கொண்டிருக்கிறவனைப் பார்த்து.