பக்கத்து சீட் கண்ணாடி

"என்னய்யா கடை நடத்துறீங்க? கண்ணாடி மறுபடியும் ஏறமாட்டேங்குது!"

காரை விட்டு இறங்குவதற்கு முன்பே பெரியவர் கத்த ஆரம்பித்துவிட்டார். பக்கத்து சீட் கதவில் கண்ணாடி பாதியிலேயே நின்றுபோயிருந்தது.

"ஹாரன் வந்தாச்சு" என்று உள்ளேயிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். எங்கள் பட்டறையில் அவருக்கு அதுதான் பெயர்.

எனக்குத் தலைவலி பிடித்துக்கொண்டது. ஒரே கண்ணாடிக்கு எத்தனை தடவைதான் வருவார் மனுஷன்! மோட்டாரை மாற்றியாச்சு. சுவிட்சை மாற்றியாச்சு. இங்கே சொன்ன பேச்சைக் கேட்கிற கண்ணாடி, அவர் வீட்டுக்குப் போனதும் மக்கர் பண்ணுகிறது.

"உட்காருங்க சார். இந்தத் தடவை நானே பார்க்கிறேன்" என்றேன்.

"நீங்க எதுக்கு? கெடுத்தவனே சரி பண்ணட்டும். கூப்பிடுங்க அவனை!"

கெடுத்தவன் என்று அவர் சொன்னது என் மெக்கானிக்கை. நல்ல வேலைக்காரன். ஆனால் வாயைத் திறக்க மாட்டான். அதனால் பட்டறையில் அவன் பெயர் சைலன்சர்.

சைலன்சர் வந்தான். பெரியவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கதவுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தான். கதவுப் பேனலைக் கீறல் விழாமல் நெம்பி எடுக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை வைத்திருப்பான். அதைச் செருகி சுவிட்சை மெல்லக் கிளப்பினான்.

பெரியவர் நாற்காலியை இழுத்து அவனுக்கு நேர் எதிரில் போட்டுக்கொண்டார். பார்வை அவன் மேல், பேச்செல்லாம் என்னிடம்.

"ஆளு ஏன் இப்படி இளைச்சுக் கிடக்கான்? வேளாவேளைக்குச் சாப்பிட்டாத்தானே ஸ்க்ரூ முறுக்கத் தெம்பு இருக்கும்?"

"சாப்பிடுறான் சார்."

"என்னத்தைச் சாப்பிட்டான்! கண்ணெல்லாம் உள்ளே போயிருக்கு. தூங்க விடாம வேலை வாங்குறீங்களோ?"

எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடி ஏறாததற்கும் இவன் தூக்கத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?

"சார், நீங்க எப்பவும் தனியாத்தான் வர்றீங்க. பக்கத்து சீட் காலியாத்தானே கிடக்கு? கண்ணாடியை ஒரேயடியா மேலே ஏத்தி நிறுத்திடறேன். தொல்லை விட்டுது."

பெரியவரின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

"வேணாம். என்னிக்காவது யாராவது வந்து உட்காருவாங்க. அப்போ காத்து வரணும்ல."

சைலன்சர் காலியாகக் கிடந்த பக்கத்து சீட்டை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் என்னிடம் சொன்னான்.

"சுவிட்சுக்கு அடியில ஒயர் சாக்கெட் கழண்டிருக்குண்ணே. மாட்டிட்டேன்."

குனிந்து பார்த்தேன். போன தடவையும் இதே சாக்கெட்தான். கிளிப் வைத்தது. ஒழுங்காக மாட்டினால், யாராவது அழுத்தி இழுத்தாலொழிய வராது. போதாக்குறைக்கு சுவிட்சைச் சுற்றிலும் கீறல்கள். கையில் பட்டை இருந்தும் இப்படியா குதறி வைப்பான்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாடிக்கையாளர் முன்னால் வாயைக் கட்டிக்கொண்டேன்.

பெரியவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி ஓடியது. அதற்கான சந்தோஷம் அவர் முகத்தில் துளியும் இல்லை.

"அதுக்குள்ள முடிஞ்சுதா? இன்னும் நல்லாப் பார்க்கச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

"முடிஞ்சுது சார். நீங்க கிளம்புங்க."

சாவிக்காகக் கையை நீட்டினார். கட்டைவிரலைச் சுற்றி பிளாஸ்திரி, ஓரத்தில் காயாத ரத்தம்.

"விரல்ல என்ன சார்?"

"அது கிடக்கு" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

சைலன்சர் அப்போதுதான் நிமிர்ந்து அந்த விரலைப் பார்த்தான். சாவியை என்னிடமிருந்து வாங்கி, தானே காரைத் திருப்பி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். பெரியவர் ஏறிக்கொண்டார். போகும்போது ஹாரன் கத்தவே இல்லை.

கார் மறைந்ததும் நான் சைலன்சரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு சாக்கெட்டை ஒழுங்கா மாட்டத் துப்பில்லை, நீயெல்லாம் மெக்கானிக்கா? உன்னால எனக்குத்தான் கெட்ட பேரு. இன்னொரு தடவை அந்தக் கார் இந்த வாசலுக்கு வந்துது, நீ வேற கடை பார்த்துக்க. ஆமா, சொல்லிட்டேன்!"

அவன் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அங்கே என்ன பார்வை? அடுத்த வண்டிக் கதவைப் பிரிக்கணும். எங்கே உன் பட்டை?"

"அவர் கார்லண்ணே. கதவுப் பையில."

"மறந்துபோய் வச்சுட்டியா? உருப்பட்ட மாதிரிதான்! போனைப் போடு."

"மறக்கலைண்ணே. வேணும்னுதான் வச்சேன். கத்தியால நெம்பினா மறுபடியும் விரலைக் கிழிச்சுக்குவார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவரா கழட்டுறார்? அவருக்கென்ன பைத்தியமா?"

சைலன்சரின் கண்கள் தளும்பிவிட்டன.

"என் கல்யாணம் பிடிக்காம, இனி என் மூஞ்சியிலேயே முழிக்காதேன்னு சொன்னவர்ண்ணே. என்னை வேற கடைக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. அப்பாவுக்கு இந்த இடம்தான் தெரியும்."