எண்பது கேபி அதிகம்

“இன்னும் எவ்வளவு நேரம்மா?” மேனேஜர் போனில் ஆறாவது முறையாகக் கேட்டார். வாடிக்கையாளர் பக்கத்திலேயே இருந்ததால் குரல் குழைந்து வந்தது.

“கம்பைல் ஆகிட்டிருக்கு சார்,” என்றாள் சீனியர் இன்ஜினியர். இந்தத் தொழிலில் சொல்லப்படும் பொய்களில் இதற்குத்தான் வயது அதிகம். கெர்னல் என்ற அடிப்படை மென்பொருள் பிழை காட்டி நின்று ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. மெமரி டிஸ்க் எண்பது கேபி, அதாவது கிலோபைட், அதிகமாம்.

அவர்கள் தயாரிக்கும் சர்க்யூட் போர்டுக்கு ஹார்டு டிஸ்க் கிடையாது. ஓடத் தேவையான எல்லாவற்றையும் மூட்டை கட்டி, கெர்னலுக்குள் மெமரி டிஸ்க் என்று ஒதுக்கிய நாலு எம்பி இடத்தில் திணிக்க வேண்டும். கொஞ்சம் பிதுங்கினாலும் கெர்னல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

நாலு மாடி படியேறி வந்த ஜூனியர், மூச்சு வாங்க நாற்காலியில் விழுந்தான். பைட் பைட்டாக மிச்சம் பிடிப்பதால் ஆபீசில் அவன் பெயர் கஞ்சன்.

“அக்கா, வரம்பை அஞ்சு எம்பி ஆக்கிடலாமே?”

“நேத்து அதைத்தானே செஞ்சே? கம்பைல் என்னவோ ஆச்சு. போர்டுல அவ்வளவு மெமரி ஏது? காலையில ஓட ஆரம்பிச்சு பாதி வழியில நின்னுடுச்சு.”

“அப்போ போன வாரத்து கெர்னலைப் போட்டுடலாம்.”

“அதை இடத்தை அடைக்குதுன்னு அழிச்சது யாரு?”

கஞ்சன் விசைப்பலகையில் இருந்த தூசியை ஊதினான்.

வாடிக்கையாளர் இன்று கையெழுத்துப் போட்டால் அறுபது போர்டுக்கு ஆர்டர். போடாவிட்டால் அடுத்த மாதம் இந்த அறையில் நாற்காலிகூட இருக்காது. சோதனைக் கருவிகள், உதவிப் பக்கங்கள், யாரும் சீந்தாத மூன்று எழுத்துருக்கள் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டன. மிஞ்சியது ஒரே ஒரு குண்டுக் கோப்பு. மேனேஜர் சொந்தக் குரலில் பேசிய வரவேற்புரை, நானூறு கேபி.

போன் அடித்தது.

“சார், உங்க வரவேற்புரையை எடுத்துட்டா அடங்கிடும்.”

“அதை மட்டும் தொடாதீங்கம்மா. ரெண்டு நாள் ஒத்திகை பார்த்துப் பேசினது. கேட்டுட்டு என் வீட்டுக்காரி கண் கலங்கிட்டா.”

“எதனால சார்?”

“அதை நான் கேக்கலை.”

போனில் மேனேஜர் எதையோ எடுத்து விசிறிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“இங்க ஒரே புழுக்கம்மா. இவர் டையைக் கழட்டிட்டார். ரெண்டு ஜோக் சொல்லிப் பார்த்தேன், சிரிக்க மாட்டேங்கறார். சரி... எடுத்துடுங்க. ஆனா எங்கயாவது பத்திரமா வைங்க.”

அவள் தன் கணினியில் ‘பத்திரம்’ என்று ஒரு ஃபோல்டர் திறந்து, வரவேற்புரையை அதில் வைத்தாள். பிறகுதான் மூட்டையிலிருந்து நீக்கினாள். பழைய மிச்சங்களைத் துடைத்துவிட்டு மறுபடி கம்பைல் செய்தாள். வரிகள் ஓடின. பிழை இல்லை.

“முந்நூத்தி இருபது கேபி மிச்சம்!” கஞ்சன் அதைச் சொந்தச் சொத்துபோலப் பார்த்தான்.

புது கெர்னல் வயர் வழியாகப் போர்டுக்குப் போனது. திரையில் பச்சை விளக்கு எரிந்தது. அவள் போனை எடுத்தாள்.

“லிஃப்ட் நகரும் சார். கதவு திறந்ததும் அவரை முதல்ல வெளிய விடுங்க.”